அத்தைக்கு எந்த சுகர் மீட்டர் வாங்குவது: ஸ்ட்ரிப் விலையிலிருந்து தொடங்குங்கள்

செய்யாறு பக்கம் கிராமத்தில் இருக்கும் உங்கள் அத்தைக்கு 66 வயது. பத்து வருடத்துக்கு மேலாகச் சர்க்கரை. மாத்திரையோடு இப்போது இரவு ஒரு வேளை இன்சுலினும் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் மாமாவும் அவரும் மட்டும்தான். ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருக்கிறது, இன்னொன்று பாக்கி. பரிசோதனைக்கென்று மாதம் 500 ரூபாய்க்கு மேல் ஒதுக்க முடியாது. ஆன்லைனில் 500 ரூபாய்க்கும் மீட்டர் கிடைக்கிறது, 1,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது. லண்டனில் இருக்கும் தம்பி ஒன்று அனுப்புகிறேன் என்கிறார். எதை வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் இந்தக் கருவியைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மீட்டர் விலையைத் தற்சமயம் மறந்துவிடுங்கள். அது ஒருமுறைச் செலவு. மீட்டரில் செருகி ரத்தச் சொட்டைத் தொடும் சின்னப் பட்டை, அதாவது ஸ்ட்ரிப்தான், மாதா மாதம் வாங்க வேண்டியது. கடைகளில் ஒரு ஸ்ட்ரிப் ஏறக்குறைய 9, 10 ரூபாயில் தொடங்கி 20, 25 ரூபாய் வரை போகிறது. தினம் ஒருமுறை பார்ப்பதாக வைத்தால் வருடத்துக்கு 365 ஸ்ட்ரிப். பத்து ரூபாய் ஸ்ட்ரிப் என்றால் 3,650 ரூபாய், இருபது ரூபாய் என்றால் 7,300 ரூபாய். மலிவு மீட்டரில் மிச்சம் பிடித்த ஆயிரம் ரூபாய், ஸ்ட்ரிப் விலை அதிகமாக இருந்தால் மூன்றரை மாதத்துக்குள் கரைந்துவிடும். தள்ளுபடி விலையில் மீட்டர் விற்கும் எல்லாருக்கும் இந்தக் கணக்கு தெரியும்.

இன்னொன்று. ஒரு கம்பெனி மீட்டரில் இன்னொரு கம்பெனி ஸ்ட்ரிப் வேலை செய்யாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு நடுவிலும் ஸ்ட்ரிப் மாறும். அக்யூ-செக் ஆக்டிவ் ஸ்ட்ரிப்பை அக்யூ-செக் இன்ஸ்டன்ட் மீட்டரில் போட முடியாது. மெடிக்கலில் போய் கம்பெனி பெயரை மட்டும் சொல்லிக் கேட்டு, வேறு மாடல் ஸ்ட்ரிப்பை வாங்கி, டப்பாவைத் திறந்தும் விட்டு, திருப்பிக் கொடுக்க முடியாமல் தவிக்கும் பெரியவர்களை அடிக்கடி பார்க்கிறேன். மாமா கடைக்குப் போகும்போது காலி டப்பாவையே கையில் கொண்டுபோகட்டும்.

ஆகவே மீட்டர் தேர்வின் முதல் படி செய்யாறில் இருக்கிறது, ஆன்லைனில் இல்லை. அத்தை வழக்கமாக மாத்திரை வாங்கும் மெடிக்கலுக்குப் போன் போட்டு, எந்த ஸ்ட்ரிப் எப்போதும் கையிருப்பில் இருக்கும், 50 ஸ்ட்ரிப் என்ன விலை, அடுத்த மாதம் வந்தாலும் கிடைக்குமா என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களுக்குள் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம். ஆன்லைனில் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் ராத்திரி அத்தைக்குச் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கொட்டி, டப்பாவில் ஸ்ட்ரிப் தீர்ந்துபோயிருந்தால், மூன்று நாளில் வரும் பார்சல் எதற்கும் உதவாது.

மாதத்துக்கு எத்தனை ஸ்ட்ரிப் தேவைப்படும் என்பதைப் பொறுத்துத்தான் 500 ரூபாய் போதுமா என்று சொல்ல முடியும். மெட்ஃபார்மின் போன்ற மாத்திரை மட்டும் சாப்பிட்டு, மூன்று மாத சராசரியும் கட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தினமும் விரலைக் குத்த வேண்டிய அவசியம் இல்லை. அப்படிப்பட்டவர்களின் வீட்டில் தினசரிப் பரிசோதனை பணச் செலவையும் பதற்றத்தையும்தான் கூட்டுகிறது. அத்தையின் நிலை வேறு. இரவு போடும் நீண்ட நேர இன்சுலினின் அளவை, காலையில் வெறும் வயிற்றில் வரும் எண்ணை வைத்துத்தான் மருத்துவர் ஏற்றி இறக்குவார். அதனால் அளவு ஒரு நிலைக்கு வரும் வரை தினமும் காலையில் ஒரு ஸ்ட்ரிப் வேண்டும். நிலைப்பட்ட பிறகு, மருத்துவர் ஒப்புக்கொண்டால், வாரம் மூன்று நாள் வெறும் வயிற்றில் பார்க்கலாம்; கூடவே வாரத்தில் ஒருநாள் ஏதாவது ஒரு வேளை சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் பார்க்கலாம். ஒரு வாரம் காலை இட்லிக்கு, அடுத்த வாரம் மதியச் சோற்றுக்கு, அதற்கடுத்து இரவுக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் எந்த வேளை ஏற்றுகிறது என்பது தானாகத் தெரியவரும். இது வாரம் ஐந்து ஸ்ட்ரிப், மாதம் இருபத்திரண்டு. படபடப்பு, மயக்கம் என்று சந்தேகம் வரும் நேரத்துக்கு மூன்று நான்கு ஒதுக்கினால் 25. ஸ்ட்ரிப் 20 ரூபாயாக இருந்தாலும் உங்கள் 500 ரூபாய்க்குள் அடங்கிவிடும். முதல் ஓரிரு மாதம் மட்டும் கொஞ்சம் கூடும்.

இந்தக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்றால், பத்து ரூபாய் ஸ்ட்ரிப்பைத் தேடி ஓட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை என்பதை இதுவே சொல்லிவிடுகிறது. தினம் மூன்று நான்கு வேளை பார்க்க வேண்டியவர்களுக்கு ஸ்ட்ரிப் விலைதான் முதல் கேள்வி. உங்கள் அத்தைக்கு அதற்கு முன்னால் நிற்கும் கேள்விகள் இரண்டு: எண் நம்பகமானதா, அதை அவரே தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமா.

நம்பகத்துக்கு ஒரு உலக அளவுகோல் இருக்கிறது: ஐ.எஸ்.ஓ. 15197, 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. ஆய்வகத்தில் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் மீட்டர் எண் அதிலிருந்து 15 புள்ளிக்குள்ளும், 100க்கு மேல் இருந்தால் 15 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். நூற்றுக்கு 95 முறையாவது அப்படி வர வேண்டும். 2003ஆம் ஆண்டுப் பழைய பதிப்பில் 20 சதவீதம் வரை விட்டுக்கொடுத்திருந்தார்கள். பெட்டியிலோ உள்ளே இருக்கும் துண்டுத்தாளிலோ 15197 என்ற எண்ணும் 2013 என்ற ஆண்டும் சேர்ந்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். நம் நாட்டில் 2021 ஜனவரி 1 முதல் குளுக்கோமீட்டர் மருந்துச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. உரிம எண், தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, எம்.ஆர்.பி. எதுவும் அச்சிடாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

இந்த 15 சதவீதத்தைக் குடும்பத்தில் எல்லாரும் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். ரத்தத்தில் உண்மையாக 200 இருந்தால் மீட்டர் 170 காட்டினாலும் சரி, 230 காட்டினாலும் சரி, கருவி ஒழுங்காகத்தான் இருக்கிறது. இரண்டு விரலில் அடுத்தடுத்துப் பார்த்து 182, 196 என்று வந்தால் மெஷின் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. அத்தை நேற்று 148, இன்று 156 என்பதற்காக "ராத்திரி என்ன சாப்பிட்டே" என்று யாரும் விசாரிக்கவும் கூடாது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இன்னொரு விஷயமும் பார்க்க வேண்டும். மீட்டர் வாங்கித் தருகிறவர்கள் இதைக் கேட்பதே இல்லை: ரத்தசோகை. ரத்தத்தில் சிவப்பணு குறைவாக இருந்தால் மீட்டர் உள்ளதைவிடக் கூடுதலான எண்ணைக் காட்டும். ஒவ்வொரு ஸ்ட்ரிப்பின் துண்டுத்தாளிலும் ஹீமடோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது) எல்லை என்று ஒரு வரி இருக்கும். சில ஸ்ட்ரிப்களில் 30 முதல் 55 சதவீதம் வரைதான். கான்டூர் பிளஸ் போன்றவற்றில் 0 முதல் 70 வரை. ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் தோராயமாக ஹீமடோகிரிட் வரும். அத்தைக்கு ஹீமோகுளோபின் 9 என்றால் ஹீமடோகிரிட் 27. எல்லை 30இல் தொடங்கும் ஸ்ட்ரிப் அவருக்கு ஆகாது. அது 95 என்று காட்டும் நேரத்தில் உண்மையில் 75 இருக்கலாம். இன்சுலின் போடுகிறவருக்கு இது விளையாட்டல்ல. கூடுதலாகக் காட்டும் எண்ணை நம்பி இன்சுலினை ஏற்றினால் சர்க்கரை அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை எடுத்து ஹீமோகுளோபினைப் பார்த்துவிட்டு மீட்டர் வாங்குங்கள். சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்கிறவர்கள் என்றால் எந்த மீட்டரும் சொந்தமாக வாங்காமல், அவர்களுடைய மருத்துவரைக் கேட்டே வாங்க வேண்டும். வயிற்றுவழி டயாலிசிஸில் பயன்படும் ஒருவகைத் திரவம் சில பழைய ரக ஸ்ட்ரிப்களில் போலியான உயர்ந்த எண்ணைக் காட்டும். அதனால் உயிரிழப்புகள் நேர்ந்து, அமெரிக்க மருந்துத் துறை 2009இல் எச்சரிக்கை விட்டது.

இப்போது அத்தையின் கண்ணும் கையும். எண் பெரிதாகத் தெரிய வேண்டும். பின்னால் வெளிச்சம் வரும் திரை என்றால் விடியற்காலை இருட்டிலும் படிக்கலாம். பட்டனே அமுக்காமல், ஸ்ட்ரிப் செருகினால் தானே உயிர்பெறும் மீட்டர் வேண்டும். இன்று பெரும்பாலானவை அப்படித்தான். முன்பெல்லாம் ஒவ்வொரு டப்பாவுக்கும் மீட்டரில் ஒரு சிப்பையோ எண்ணையோ மாற்ற வேண்டும். மறந்தால் எண் தப்பாகும். அந்த வேலை இல்லாத மாடலாகவே வாங்குங்கள். ஸ்ட்ரிப் மிகச் சிறியதாக, வழுக்கும்படி இருந்தால் வயதானவர்களின் விரலில் நிற்காது. எந்த இடத்தில் ரத்தத்தைத் தொட வேண்டும் என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பெயர் சொல்லியே சொல்கிறேன். கான்டூர் பிளஸ்ஸில் 0.6 மைக்ரோலிட்டர் ரத்தம் போதும். முதல் சொட்டு போதவில்லை என்றால் அரை நிமிடத்துக்குள் அதே ஸ்ட்ரிப்பில் இன்னும் கொஞ்சம் தொட்டுக்கொள்ளலாம். கை நடுங்குகிறவர்களுக்கு இந்த ஒரு வசதியே மாதம் இரண்டு மூன்று ஸ்ட்ரிப்பை மிச்சப்படுத்தும். ரத்தசோகை இருந்தாலும் இதுவே என் முதல் தேர்வு. அக்யூ-செக் இன்ஸ்டன்ட்டில் ஸ்ட்ரிப்பின் விளிம்பில் எங்கு தொட்டாலும் ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். எண் அதிகமா குறைவா என்பதைத் திரை ஓரத்து வண்ணக் கோடு காட்டிவிடும். எழுத்து படிக்கத் தெரியாதவர்களுக்கும் பார்வை மங்கியவர்களுக்கும் நல்லது. ஒன்டச் செலக்ட் பிளஸ் வகையிலும் வண்ணக் குறிப்பு உண்டு. ரத்தம் கொஞ்சம் கூடுதலாக, ஒரு மைக்ரோலிட்டர் வேண்டும். அக்யூ-செக் ஆக்டிவ் நம் ஊர் மெடிக்கல்களில் வெகுகாலமாகக் கிடைப்பது, அதுவே அதன் பலம். ஆனால் அதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மைக்ரோலிட்டர் வரை ரத்தம் தேவை, நிறமாற்றத்தை ஒளியால் படிக்கும் கருவி என்பதால் உள்ளே ரத்தக்கறை படியாமல் துடைத்து வைக்க வேண்டும். டாக்டர் மோர்பென் பி.ஜி.-03 இந்தியக் கம்பெனியினுடையது, 0.5 மைக்ரோலிட்டர், ஐந்து நொடி. ஸ்ட்ரிப் விலை மற்றவற்றில் பாதியளவுக்கே வருவதால் தினம் பலமுறை பார்க்கிறவர்களுக்குப் பெரிய உதவி. ஹீமோகுளோபின் நன்றாக இருந்து, செய்யாறில் அதன் ஸ்ட்ரிப் தவறாமல் கிடைக்கும் என்றால் அத்தைக்கும் அதை வாங்குவதில் எனக்குத் தயக்கமில்லை. மக்கள் மருந்தகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அங்கே மலிவு விலை மீட்டர் உண்டு. ஆனால் அதே மருந்தகத்தில் ஸ்ட்ரிப் தொடர்ந்து வருகிறதா என்று கேட்காமல் மீட்டரை மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

போனோடு இணையும் வசதிக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். அத்தையிடமும் மாமாவிடமும் பட்டன் போன் இருந்தால் அது வீண். ஒரு 20 ரூபாய் நோட்டுப் புத்தகம் அந்த வேலையைச் செய்யும்.

தம்பி அனுப்பும் லண்டன் மீட்டரை அன்போடு மறுத்துவிடுங்கள். பிரிட்டனில் சர்க்கரையை மில்லிமோல் அளவில் சொல்கிறார்கள். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அப்படித்தான். அங்கே 7 என்றால் நம் கணக்கில் 126, 10 என்றால் 180. 18ஆல் பெருக்க வேண்டும். அங்கு விற்கும் மீட்டர்களில் இந்த அலகைப் பெரும்பாலும் மாற்ற முடியாது. அத்தை மீட்டரில் 16.5 என்று பார்த்துவிட்டு "சர்க்கரை ரொம்பக் குறைஞ்சுபோச்சு" என்று சீனியை வாயில் போட்டுக்கொண்டால் என்ன ஆகும்? உண்மையில் அது 297. அதோடு அந்த ஸ்ட்ரிப் இங்கே கிடைக்காது. கிடைத்தாலும் அதே விலையில் கிடைக்காது. தம்பிக்கு உதவ ஆசையிருந்தால், இங்கே கிடைக்கும் ஸ்ட்ரிப்புக்கு மாதா மாதம் பணம் அனுப்பச் சொல்லுங்கள். அதுதான் அத்தைக்குப் போய்ச் சேரும் உதவி.

ஊசியே இல்லாமல் சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரம், மோதிரம் என்று விளம்பரம் வருகிறதே, அவை எதையும் வாங்காதீர்கள். தோலைத் துளைக்காமல் சர்க்கரையை அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்க மருந்துத் துறை 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. கையில் ஒட்டிக்கொள்ளும் 14 நாள் சென்சார் உண்மையான கருவிதான், நல்ல கருவியும்கூட. ஆனால் ஒரு சென்சாரின் விலை ஆயிரக்கணக்கில் வரும், உங்கள் பட்ஜெட்டுக்கு அது இப்போது வேண்டாம்.

விலையைப் பற்றி இரண்டு வரி. 2021 ஜூலையில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் குளுக்கோமீட்டர் மேல் வைக்கும் வணிக லாபத்துக்கு உச்சவரம்பு வைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் மீட்டருக்கும் ஸ்ட்ரிப்புக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆகவே பழைய விலைப்பட்டியலை வைத்துப் பேரம் பேசும் கடைக்காரரிடம் பில் கேளுங்கள். ஆன்லைனில் வழக்கத்துக்கு மாறாக மலிவாக வரும் ஸ்ட்ரிப்புக்குப் பெரும்பாலும் காலாவதி நெருங்கியிருக்கும். மாதம் 25தான் அத்தைக்குச் செலவாகும் என்பதால், 100 ஸ்ட்ரிப் சலுகையில் வருகிறதென்று வாங்கினால் அது நான்கு மாதம் ஓடும். சில பிராண்டுகளில் டப்பாவைத் திறந்தபின் மூன்று மாதமோ ஆறு மாதமோதான் கெடு, அது டப்பா மேலேயே அச்சாகியிருக்கும். 25 ஸ்ட்ரிப் டப்பாவாகவோ, இரண்டு 25 சேர்ந்த பாக்கெட்டாகவோ வாங்குவது நல்லது. திறக்கும் தேதியை டப்பா மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

வெயிலைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸ்ட்ரிப்பில் இருப்பது ஒரு நொதி. சூட்டிலும் ஈரத்திலும் கெட்டுப்போகும். 30 டிகிரிக்குள் வைக்கச் சொல்லித்தான் பெரும்பாலான டப்பாக்களில் போட்டிருக்கும். சித்திரை வைகாசியில் உங்கள் பக்கம் 40 டிகிரியைத் தொடும்போது தகரக் கூரைக்குக் கீழ் உள்ள அலமாரி, டிவி மேல், சமையலறை ஜன்னல், வண்டியின் பெட்டி எல்லாமே தப்பான இடம். அதற்காக ஃபிரிட்ஜிலும் வைக்கக்கூடாது. வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் பூக்கும். வீட்டில் குளிர்ச்சியாக இருக்கும் உள்ளறையில், தரையோடு ஒட்டிய அடுக்கில், டப்பா மூடி இறுக்கமாக மூடியிருக்க வைக்கலாம். ஸ்ட்ரிப்பை டப்பாவிலிருந்து வேறு டப்பாவுக்கு மாற்றவே கூடாது. மூடியின் உள்ளேயோ டப்பாச் சுவரிலோ ஈரத்தை உறிஞ்சும் பொருள் இருக்கிறது. ஒன்றை எடுத்தவுடன் மூடிவிட வேண்டும், ஈரக்கையால் எடுக்கக்கூடாது. கோடையில் ஆன்லைனில் வாங்கினால் பார்சல் எத்தனை மணி நேரம் வெயிலில் வண்டிக்குள் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. உள்ளூர் கடை நல்லது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

மீட்டர் வாங்கிய வாரமே ஒரு சோதனை செய்துவிடுங்கள். அத்தை அடுத்த முறை செய்யாறு அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கப் போகும்போது மீட்டரையும் கொண்டுபோகட்டும். அங்கே கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்த ஐந்து நிமிடத்துக்குள் விரலில் குத்தி மீட்டரில் பார்த்து, எண்ணைச் சீட்டில் எழுதிக்கொள்ளட்டும். ஆய்வக எண் 160 என்று வந்தால் மீட்டரில் 136க்கும் 184க்கும் நடுவில் எது இருந்தாலும் மீட்டர் சரி. இந்த ஒப்பீட்டை வெறும் வயிற்றில் மட்டும் செய்ய வேண்டும். சாப்பிட்ட பிறகு விரல் நுனி ரத்தத்தில் கை நரம்பு ரத்தத்தைவிடச் சர்க்கரை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அதை மீட்டரின் தவறு என்று நினைத்துவிடக்கூடாது. எடுத்த ரத்தத்தை ஆய்வகம் மணிக்கணக்கில் வைத்திருந்துவிட்டுப் பார்த்தாலும் அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை எண் குறையும். அங்கேயே உடனே பார்த்துச் சொல்லும் இடமாக இருந்தால் நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் தன்னார்வலர்கள் கையிலும் மீட்டர் இருக்கும். அவர் வரும் நாளில் இரண்டு மீட்டரையும் ஒரே சொட்டில் பார்ப்பதும் ஒரு குறிப்புதான், ஆனால் ஆய்வகத்துக்கு ஈடாகாது.

இனி குத்தும் முறை. எண் தப்பாவதற்கு மீட்டரைவிடக் கைதான் அதிகக் காரணம். மாம்பழம் நறுக்கிய கை, வாழைப்பழம் உரித்த கை, காப்பியில் சர்க்கரை போட்ட கை, இந்தக் கையில் குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையையும் சேர்த்தே மீட்டர் படிக்கும். 120 இருப்பவருக்கு 200க்கு மேல் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தால் போகாது. சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் ரத்த ஓட்டமும் கூடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. மோதிர விரல், நடுவிரல் என்று மாற்றி மாற்றிக் குத்தட்டும். பேனா போன்ற குத்தும் கருவியில் ஆழத்துக்கு எண்கள் இருக்கும், 2இல் தொடங்கிப் பார்க்கலாம். வயலில் வேலை செய்து காய்த்த விரல் என்றால் 4 வேண்டியிருக்கும். சொட்டு வரவில்லை என்று விரலைப் பிழியக்கூடாது. திசுநீர் கலந்து எண் மாறும். கையைக் கீழே தொங்கவிட்டு, உள்ளங்கையிலிருந்து விரல் பக்கம் மெதுவாக நீவினால் போதும்.

விரலில் குத்தும் ஊசியை மாமாவும் அத்தையும் மாற்றிப் பயன்படுத்தக்கூடாது. மாமாவுக்கும் "சும்மா ஒருவாட்டி பாத்துக்கறேன்" என்று தோன்றும், இயல்புதான். ஆனால் அவருக்குப் புது ஊசி, முடிந்தால் தனிக் குத்துக் கருவியும் வேண்டும். மஞ்சள் காமாலை பி வகை இப்படிப் பகிர்ந்த குத்துக் கருவிகளால் பரவியிருக்கிறது. பயன்படுத்திய ஊசியையும் ஸ்ட்ரிப்பையும் குப்பையில் வீசாமல், மூடி உள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் சேர்த்து, நிறைந்ததும் சுகாதார நிலையத்தில் கொடுத்துவிடச் சொல்லுங்கள். குப்பை அள்ளுகிறவர்களின் கையில் அது குத்தக்கூடாது.

மீட்டர் வீட்டுக்கு வந்த அன்றே மாமாவுக்கு மூன்று விஷயம் மனப்பாடமாகியிருக்க வேண்டும். அத்தைக்கு வியர்வை, நடுக்கம், குழப்பமான பேச்சு என்றால் உடனே பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் மறுபடி கொடுக்க வேண்டும். மீட்டர் கைக்கு எட்டவில்லை என்றாலும் காத்திருக்காமல் சர்க்கரையைக் கொடுத்துவிடலாம். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைக்க வேண்டும். அடுத்தது, திரையில் எண்ணுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தில் எச், ஐ என்று வந்தால் சர்க்கரை மீட்டரின் எல்லையையே தாண்டிவிட்டது என்று பொருள். பெரும்பாலான மீட்டர்களில் அது 600க்கு மேல். கையைக் கழுவி ஒருமுறை திரும்பப் பார்த்து, அப்படியே வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எல், ஓ என்று வந்தால் மிகவும் இறங்கிவிட்டது, சர்க்கரைத் தண்ணீர் உடனே. இந்த நான்கு எழுத்தையும் பெரிதாக ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் தமிழில் என்ன செய்ய வேண்டும் என்று எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள். மீட்டரின் பேட்டரி என்ன வகை என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். பலவற்றில் சி.ஆர். 2032 என்ற வட்ட பேட்டரி. செய்யாறில் வாட்ச் கடையில் கிடைக்கும்.

கடைசியாக நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, எண், அன்று இன்சுலின் எத்தனை யூனிட், இவ்வளவு போதும். மருத்துவரிடம் போகும்போது நோட்டைக் கொடுத்து, காலை எண் எவ்வளவுக்குள் இருக்க வேண்டும், எந்த எண்ணுக்குக் கீழே வந்தால் அன்றிரவு இன்சுலினைக் குறைக்க வேண்டும், எதற்கு மேல் போனால் உங்களுக்குப் போன் செய்ய வேண்டும் என்று கேட்டு, அவர் சொல்லும் மூன்று எண்களையும் முதல் பக்கத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 180க்குள் என்பார்கள். ஆனால் அத்தையின் வயது, இதயம், சிறுநீரகம், அவர் தனியாக இருக்கும் நேரம் இவற்றைப் பார்த்து மருத்துவர் இதைத் தளர்த்தலாம். ஹீமோகுளோபின் சீட்டும் மெடிக்கலில் கேட்ட ஸ்ட்ரிப் விலையும் கைக்கு வந்ததும் இங்கே எழுதுங்கள். மேலே சொன்னவற்றில் எது என்று முடிவுசெய்ய அவ்விரண்டும் போதும்.